டிரையாங்கிள் தீ விபத்து, நியூயார்க், 1911: துக்கம் எப்படிச் சட்டமானது

நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்துக்குக் கிழக்கே ஆஷ் கட்டடம் நின்றது. 1911 மார்ச் 25 அன்று அங்கிருந்த டிரையாங்கிள் என்ற தையல் கம்பெனியில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பத்து மாடி, 135 அடி உயரம். 150 அடிக்கு மேல் போனால்தான் தரைக்கும் சன்னல் சட்டத்துக்கும் மரம் கூடாது என்று அன்றைய கட்டட விதி சொன்னது. பதினைந்து அடி குறைவாக இருந்ததால் இங்கே எல்லாம் மரம். தளத்தின் பரப்பளவுக்கு மூன்று மாடிப்படிகள் இருந்திருக்க வேண்டும். கட்டியது இரண்டுதான். பின்பக்கச் சுவரில் தொங்கிய இரும்பு ஃபயர் எஸ்கேப்பை, அதாவது தீப்பிடித்தால் தப்பிக்கும் வெளிப்படியை, மூன்றாவது படியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கட்டடக் கலைஞர் கேட்டார், நகர அதிகாரிகளும் விட்டுவிட்டார்கள். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வைக்கச் சட்டம் கேட்கவில்லை. தீ ஒத்திகையும் கேட்கவில்லை.

கதவு விஷயம் இன்னும் மோசம். வேலை நேரத்தில் தொழிற்சாலைக் கதவைப் பூட்டக் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலத் தொழிலாளர் சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆனால் வெளிப்பக்கம் திறப்பது 'நடைமுறையில் முடிந்தால்' என்று ஒரு சொல்லும் கூடவே இருந்தது. ஆஷ் கட்டடத்தில் மாடிப்படியின் திருப்பம் குறுகலாக இருந்ததால் கதவுகளை உள்பக்கம் திறக்கும்படி வைத்தார்கள். பூட்டக் கூடாது என்பதைப் போய்ப் பார்க்கப் போதுமான ஆய்வாளர்கள் மாநிலத்திடம் இல்லை.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த சீர்திருத்தங்களைப் பற்றிப் பேசும்போது, பெரிய விபத்து நடந்தது, மக்கள் கொதித்தார்கள், சட்டம் வந்தது என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறோம். கொதிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிரையாங்கிளில் அந்த நடுப்பகுதியை ஆள் ஆளாக, மாதம் மாதமாகப் பின்தொடர முடியும்.

கம்பெனியும் வேலைநிறுத்தமும்

டிரையாங்கிள் கம்பெனி ஆஷ் கட்டடத்தின் 8, 9, 10 ஆகிய மூன்று மாடிகளில் இருந்தது. பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் கம்பெனி. முதலாளிகள் மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்ற இருவர். சுமார் 500 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளும் உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள், தெற்கு இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள். பலருடைய சம்பளத்தில்தான் வீட்டு வாடகை நடந்தது.

இவர்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருக்கவில்லை. 1909 செப்டம்பரிலேயே டிரையாங்கிள் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் அரங்கில் கூடிய கூட்டத்தில் தலைவர்கள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல்காரி எழுந்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத் தீர்மானத்தை முன்வைத்தார். அடுத்த சில நாட்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் கைது செய்தது, முதலாளிகளின் அடியாட்கள் அடித்தார்கள். 1910 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிந்தபோது நூற்றுக்கணக்கான கம்பெனிகள் சங்கத்துடன் ஒப்பந்தம் போட்டிருந்தன. டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவே இல்லை.

இந்தப் பின்னணி இல்லாமல் அடுத்து நடந்தது புரியாது. தீப்பிடித்தபோது நியூயார்க் அந்தப் பெண்களை ஏற்கெனவே அறிந்திருந்தது. பனியில் மறியல் செய்தவர்களைப் பத்திரிகையில் பார்த்திருந்தது. பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பும், தொழிலாளர் நிலைமைக்காகக் குரல் கொடுத்த நுகர்வோர் கழகமும் அவர்களோடு வேலை செய்து பழகியிருந்தன. 1910 நவம்பரில் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் நூவர்க் நகரில் ஒரு தொழிற்சாலைக் கட்டடம் எரிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். நியூயார்க்கிலும் இது நடக்கும் என்று தீயணைப்புத் துறைத் தலைவர் எட்வர்ட் குரோக்கர் அப்போதே எச்சரித்தார். அந்த மரணங்களுக்குப் பிறகு நியூயார்க்கில் எதுவும் மாறவில்லை.

மார்ச் 25

அன்று சனிக்கிழமை, சம்பள நாள். மாலை 4.45-க்கு வேலை முடியும். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன், எட்டாவது மாடியில் ஒரு கட்டிங் டேபிளுக்குக் கீழே இருந்த பெட்டியில் தீப்பிடித்தது. அணைக்காத தீக்குச்சியோ சிகரெட் துண்டோ விழுந்திருக்க வேண்டும் என்று தீயணைப்பு அதிகாரி பின்னர் முடிவு செய்தார். பெட்டியில் கிடந்தது மெல்லிய பருத்தித் துணியின் கட்டிங் வேஸ்ட். வேஸ்ட் வாங்குபவர் கடைசியாக வந்து அள்ளிப்போனது ஜனவரியில். மேலே கம்பியில் டிஷ்யூ காகித பேட்டர்ன்கள் தொங்கின. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள், ஹோஸைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை.

எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடி அலுவலகத்துக்குத் தகவல் போனது. பத்தாவது மாடியில் இருந்தவர்கள், முதலாளிகள் உட்பட, கூரைக்கு ஏறினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியரும் மாணவர்களும் ஏணி போட்டு அவர்களை இழுத்துக்கொண்டார்கள். அந்த மாடியில் ஒருவரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். எட்டாவது மாடியிலும் பெரும்பாலோர் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீ சன்னல் வழியாக ஏறி வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அந்த ஒன்பதாவது மாடியை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சுமார் 240 தையல் மெஷின்கள், எட்டு நீள மேசைகளில். ஒவ்வொரு மேசையும் வாஷிங்டன் பிளேஸ் பக்கச் சுவரிலிருந்து கிட்டத்தட்ட 75 அடிக்கு ஓடும், நடுவில் வெட்டு கிடையாது. இருக்கையிலிருந்து எழுந்தால் மேசையின் ஒரே முனைக்குத்தான் போக முடியும். நாற்காலிகளும் துணிக் கூடைகளும் இடுக்கில். வெளியேற இரண்டு கதவுகள். கிரீன் தெருப் பக்கக் கதவுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்து, ஒவ்வொருவராக மட்டும் நுழையும்படி குறுக்கியிருந்தார்கள். வேலை விட்டுப் போகும் பெண்களின் கைப்பையைத் திறந்து, துணியோ லேஸோ எடுத்துப் போகிறார்களா என்று சோதிக்க. எல்லோரும் அந்த வழியாகவே போக வேண்டும் என்பதற்காக வாஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவு பூட்டப்பட்டிருந்தது. பிழைத்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னது இதைத்தான்: கைப்பிடியைத் திருகினோம், இழுத்தோம், கதவு அசையவில்லை.

கிரீன் தெருப் படி சில நிமிடங்களில் தீயில் போய்விட்டது. ஃபயர் எஸ்கேப் கூட்டத்தின் பாரம் தாங்காமல் முறுக்கிக்கொண்டு விழுந்தது, அதில் இருந்தவர்கள் கீழே முற்றத்தில் போய் விழுந்தார்கள். லிஃப்ட் ஓட்டிய ஜோசப் ஜிட்டோவும் காஸ்பர் மோர்ட்டிலாலோவும் தண்டவாளம் வளையும்வரை மேலும் கீழும் போய் வந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் அவர்களால் பிழைத்தவர்கள். தீயணைப்பு வண்டிகள் விரைவாகவே வந்தன. ஆனால் ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. வலைகள் கிழிந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் சன்னலிலிருந்து குதித்தோ விழுந்தோ இறந்தார்கள்.

அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 146 பேர் இறந்தார்கள். 123 பேர் பெண்கள், 23 பேர் ஆண்கள். கட்டடத்துக்குப் பெரிய சேதம் இல்லை. அது இன்றும் பல்கலைக்கழகக் கட்டடமாக அங்கே நிற்கிறது.

நீதிமன்றத்தில் என்ன நடந்தது

பிளாங்க், ஹாரிஸ் இருவர் மீதும், கொலை ஆகாத மரணம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. 1911 டிசம்பரில் விசாரணை. ஒன்பதாவது மாடிக் கதவு பூட்டப்பட்டிருந்ததா என்பதே வழக்கு. எரிந்த இடத்தின் குப்பையிலிருந்து எடுத்த பூட்டை, தாழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நிலையில், அரசுத் தரப்பு கொண்டுவந்து வைத்தது. கேட் ஆல்டர்மன் என்ற தொழிலாளி, தன் தோழி பூட்டிய கதவருகே மாட்டிக்கொண்டதைச் சொன்னார். முதலாளிகளின் வழக்கறிஞர் மேக்ஸ் ஸ்டூயர் அவரை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்றார். இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். பெரும்பாலும் அதே வார்த்தைகள் வந்தன. மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தை ஜூரி நடுவர்கள் மனதில் போட அது போதுமாக இருந்தது. ஆங்கிலம் முழுதாகப் பழகாத பெண், தன் வாழ்க்கையின் மிகக் கொடிய நிமிடங்களைச் சொல்லச் சொன்னால், கைக்கு வந்த சொற்களையே பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பார். அந்த அறையில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

கதவு பூட்டியிருந்தது மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்றும் நிரூபணமாக வேண்டும் என்று நீதிபதி நடுவர்களிடம் சொன்னார். டிசம்பர் 27 அன்று, இரண்டு மணி நேரத்துக்குள், விடுதலை. 1914-இல் சிவில் வழக்குகள் ஓர் உயிருக்கு 75 டாலர் என்று சமரசத்தில் முடிந்தன. காப்பீட்டுப் பணம் முதலாளிகளுக்கு அதைவிடப் பல மடங்கு வந்திருந்தது. 1913-இல் பிளாங்க் இன்னொரு தொழிற்சாலையில் கதவைப் பூட்டி வைத்ததற்காக மறுபடி பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

இழப்பீடு கேட்கும் வழியும் அடைபட்டிருந்தது. சில ஆபத்தான தொழில்களில் காயம்பட்டால் முதலாளியின் தவறை நிரூபிக்காமலேயே நஷ்ட ஈடு என்று 1910-இல் நியூயார்க் ஒரு சட்டம் போட்டது. அதை மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிய நாள் 1911 மார்ச் 24. தீ பிடித்ததற்கு முந்தின நாள். அப்புறம் மாநில அரசியலமைப்பையே 1913-இல் திருத்தித்தான் அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது.

ஆணையம்

ஏப்ரல் 2 அன்று மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் பெரிய கூட்டம். மேலடுக்கில் தொழிலாளர்கள், கீழே வசதிபடைத்தவர்கள். தீர்மானங்கள் நிறைவேறிக்கொண்டிருந்தபோது ரோஸ் ஷ்னைடர்மன் என்ற சங்க அமைப்பாளர் எழுந்தார். எரிந்துபோன இந்த உடல்களுக்கு முன்னால் நல்லுறவு பேசினால் நான் துரோகி ஆவேன், உங்களை நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டோம், நீங்கள் தேறவில்லை என்றார். மெல்லிய குரலில் பேசினார் என்கிறார்கள். ஏப்ரல் 5 அன்று, அடையாளம் தெரியாதவர்கள் புதைக்கப்பட்ட நாளில், லட்சத்துக்கும் மேற்பட்டோர் மழையில் ஊர்வலம் போனார்கள்.

அந்தக் கோபத்தைக் கையில் எடுத்து ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களில் முதலில் நான் சொல்வது ஃபிரான்சஸ் பெர்கின்ஸை. அன்று சதுக்கத்தில் ஒரு வீட்டில் தேநீர் விருந்தில் இருந்தவர், சத்தம் கேட்டு ஓடிவந்து, பெண்கள் குதிப்பதைக் கண்ணால் பார்த்தவர். அப்போது நியூயார்க் நுகர்வோர் கழகத்தில் வேலை. அவரும் அவர் கூட்டாளிகளும் கேட்டது நிவாரண நிதியையல்ல, சம்மன் அனுப்பும் அதிகாரமுள்ள விசாரணை ஆணையத்தை.

1911 ஜூன் 30 அன்று நியூயார்க் மாநிலத் தொழிற்சாலை விசாரணை ஆணையச் சட்டம் கையெழுத்தானது. தலைவர் மாநில செனட்டர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் சட்டமன்ற உறுப்பினர் ஆல் ஸ்மித். இருவரும் டாமனி ஹால் ஆட்கள். ஓட்டுக்கு உதவி, உதவிக்கு ஓட்டு என்று நகரத்தை ஆண்ட கட்சி இயந்திரம் அது. சீர்திருத்தக்காரர்கள் பல ஆண்டுகளாக ஊழல் கூடாரம் என்று திட்டிக்கொண்டிருந்த இடம். ஆனால் அந்த இருவரும் அவரவர் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர்கள். அவர்கள் கையெழுத்திட்ட அறிக்கை அலமாரிக்குப் போகாது, மசோதாவாக சபைக்குப் போகும். டாமனியின் தலைவர் சார்லஸ் மர்ஃபிக்கும் கணக்கு இருந்தது: யூத, இத்தாலியக் குடியேறிகளின் ஓட்டு சோஷலிஸ்ட்களிடம் போய்க்கொண்டிருந்தது. உறுப்பினர்களில் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸும் பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மேரி டிரையரும் இருந்தார்கள். ஆய்வுக்குப் போனவர்களில் ஒருவர் பாலின் நியூமன். சிறுமியாக டிரையாங்கிளிலேயே வேலை பார்த்தவர்.

தீ மட்டுமல்ல, தொழிற்சாலைக்குள் ஆளைக் கொல்லும் எல்லாவற்றையும் ஆராய்வது என்று ஆணையம் தன் எல்லையை அகலமாக வைத்துக்கொண்டது. முதல் ஆண்டில் மட்டும் 1,836 தொழிற்கூடங்களைப் பார்த்து, 222 சாட்சிகளை விசாரித்தது. நிலவறை ரொட்டிக் கூடங்கள், ரசாயன ஆலைகள், குடியிருப்பு அறைகளில் குழந்தைகள் காகிதப்பூ கட்டிக்கொண்டிருந்த இடங்கள்.

பெர்கின்ஸ் இங்கே செய்த ஒரு வேலையை எந்தச் சீர்திருத்த இயக்கமும் படித்துக்கொள்ளலாம். அரசியல்வாதிகளிடம் அறிக்கை கொடுத்து அவர் நிற்கவில்லை, ஆளையே கூட்டிப்போனார். ஒரு தொழிற்சாலையில் ஃபயர் எஸ்கேப் என்று எழுதியிருந்த இடம் சுவரில் ஒரு சின்ன ஓட்டை. அதற்கு வெளியே பனி உறைந்த ஒரு ஏணி, தரைக்குப் பன்னிரண்டு அடி மேலேயே முடிந்துவிடும். அந்த ஓட்டை வழியாக செனட்டர் வாக்னரைத் தவழ வைத்தார். விடியற்காலையில் ஆல் ஸ்மித்தை ஒரு கயிற்று ஆலை வாசலில் நிறுத்தி, பத்து மணி நேர இரவு வேலை முடித்து வெளியே வரும் பெண்களைப் பார்க்க வைத்தார். பழம், காய் டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் விடியுமுன்னே பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்ததை உறுப்பினர்கள் நேரில் கண்டார்கள். ஸ்மித் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பை விட்டு மீன் சந்தையில் வேலை பார்த்தவர். அவருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை, காட்டினால் போதும்.

வந்த சட்டங்கள், விட்டுக்கொடுத்தவை

1914 வரை முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவு பூட்டக் கூடாது என்பது இந்த முறை ஆய்வாளர் பலத்தோடு வந்தது. ஏழு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தில் ஏழாவது மாடிக்கு மேல் 200-க்கும் அதிகமானோர் வேலை செய்தால் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். தீ ஒத்திகை, அலாரம், வேஸ்ட்டை அன்றாடம் அகற்றுதல், புகைக்கத் தடை, ஒரு மாடியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு. கழிப்பறை, கை கழுவ வசதி. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. பிரசவத்துக்குப் பின் நான்கு வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கத் தடை. தொழிலாளர் துறையையே மாற்றி அமைத்தார்கள், சட்டத்தை விரித்து விதி எழுதும் தொழில் வாரியம் ஒன்று 1913-இல் உருவானது. எனக்கு இந்தக் கடைசிதான் பெரியது. ஒவ்வொரு புது மெஷினுக்கும் சபையில் போய் நிற்க வேண்டியதில்லை என்று ஆனது.

கட்டட உரிமையாளர்கள் செலவைக் காட்டிக் கடுமையாக எதிர்த்தார்கள். எல்லாமும் ஒரே மூச்சில் நடக்கவில்லை.

வாரம் 54 மணி நேரச் சட்டத்தைப் பாருங்கள். பெண்களுக்கு அதுவரை வரம்பு 60 மணி. நுகர்வோர் கழகம் 54 கேட்டது. 1912 சபை முடியும் தறுவாயில், டப்பா ஆலைப் பெண்களை மட்டும் விலக்கி செனட் ஒரு வடிவத்தை முன்வைத்தது. அந்த விலக்கைப் பெர்கின்ஸ் ஏற்க மாட்டார், ஆகவே மசோதா தானாகச் செத்துவிடும் என்று தலைமை கணக்குப் போட்டது. எந்த விலக்கும் கூடாது என்பதுதான் கழகத்தின் நிலையும். பெர்கின்ஸ் அந்த இடத்தில் தனியாக முடிவெடுத்தார்: சரி, இருப்பதை வாங்கிக்கொள்கிறேன் என்றார். மாநிலத் தலைநகர் ஆல்பனியிலிருந்து நியூயார்க் நகரத்துக்குப் படகு பிடிக்கக் கிளம்பியிருந்த டாமனி செனட்டர் பிக் டிம் சல்லிவனைத் திரும்ப அழைத்து வந்து ஓட்டுப் போட வைத்தார்கள். சட்டம் நிறைவேறியது. டப்பா ஆலைப் பெண்கள் வெளியே நின்றார்கள். அடுத்த ஆண்டில் அவர்களுக்கும் ஒரு வரம்பு வந்தது.

அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். லட்சக்கணக்கான பெண்களுக்கு வாரத்தில் ஆறு மணி நேரம் கிடைத்தது. ஆனால் அந்த ஓர் ஆண்டு பட்டாணி உரித்தவர்களிடம் போய் அதைச் சொல்லத் தனித் தைரியம் வேண்டும்.

ஆணையம் சேர்த்த சாட்சியங்களுக்கு இன்னொரு பயனும் இருந்தது. பெண்களை இரவில் வேலை வாங்கத் தடை விதித்த பழைய சட்டத்தை 1907-இல் இதே மாநில நீதிமன்றம் ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று ரத்து செய்திருந்தது. ஆணையம் கொண்டுவந்த புதிய தடை 1915-இல் அங்கேயே வழக்காக வந்தபோது, இப்போது எங்கள் முன் உள்ள விவரங்கள் அப்போது இல்லை என்று நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. பெண் என்பதால் மட்டும் பாதுகாப்பு என்ற அந்த வாதம் பிற்காலத்தில் நல்ல சம்பள வேலைகளிலிருந்து பெண்களை விலக்கவும் பயன்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆணையம் தோற்ற இடம் கூலி. கடைசிக் காலத்தில் பெண்களின் சம்பளத்தை ஆராய்ந்து, குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வாரியம் வேண்டும் என்றது. சபை அசையவில்லை. நியூயார்க்குக்கு அப்படி ஒரு சட்டம் வர 1933 ஆனது, அதையும் 1936-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது. நாடு முழுவதற்கும் மணிக்கு 25 சென்ட் என்ற அடிமட்டக் கூலி 1938-இல் வந்தபோது தொழிலாளர் துறைச் செயலர் பெர்கின்ஸ். ஓபரா ஹவுஸில் பேசிய ஷ்னைடர்மன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ரூஸ்வெல்ட் நிர்வாகத்தின் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இருந்தார். தொழிலாளர்களுக்குச் சங்கம் சேரும் உரிமையை 1935-இல் சட்டமாக்கியவர் வாக்னர். அந்த 1938 சட்டத்திலும் ஒரு விலக்கு இருந்தது: பண்ணைத் தொழிலாளர்கள் சேர்க்கப்படவில்லை, வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அது எட்டவில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் செய்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். வீட்டு வேலைக்காரர்கள் அந்தச் சட்டத்துக்குள் வந்தது 1974-இல்.